ரோனா இழுத்து வளர்த்த கனூக்கா

மானுஹெரிகியா ஆற்றங்கரையில் செடி நடுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ரோனா கில்லஸ்பி கொடுத்த செடி சாகாது என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. பத்தொன்பது வயதில் செர்ரித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போனாள். பன்னிரண்டு வருஷம் அங்கேயே கிடந்து கவாத்து, மருந்தடிப்பு என்று ஒன்று விடாமல் கற்றுக்கொண்டாள். அப்புறம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில் சொந்தமாக நாற்றுப்பண்ணை போட்டாள். இப்போது ஐம்பத்தைந்து வயசு. வெயிலால் காதோரம் தோல் புற்று வந்து இரண்டு தடவை வெட்டி எடுத்தாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு மூக்கிலோ காதிலோ அப்படி ஒரு தழும்பு இருக்கும். எங்கள் வெயில் அப்படி. குளிர் நடுக்கும், ஆனாலும் தோல் உரிந்துவிடும்.

அந்த வெயிலைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். தெரியாதவள் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

அவள் முறை இதுதான். கனூக்கா என்கிற எங்கள் காட்டு மரத்தின் விதையைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் முளைக்கப் போடுவாள். அந்தப் பிளாஸ்டிக் தாள் புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. பூச்சியும் குறையும், நாற்றும் பச்சைப் பசேலென்று வரும். விரல் நீளம் வந்ததும் தூக்கி வெளித்திடலில் வைத்துவிடுவாள். ஒரு முழுக் குளிர்காலம் செடி அங்கே வெட்டவெளியில் நிற்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தச் செடிகளைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். குட்டையாக, தடித்த தண்டோடு, இலையெல்லாம் செம்பு நிறத்தில், ஏதோ நோய் வந்த மாதிரி நிற்கும்.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்பாள் ரோனா. "நீ காலையில வெயிலுக்குக் கிரீம் பூசிட்டு வந்தேல்ல? அது தனக்குத் தானே பூசிக்குது. அந்தக் கதிர் மேல பட்டதும் செடி தன்னை இழுத்து நீட்டுற ஹார்மோனைக் குறைச்சுக்கும். உயர்றதை நிறுத்திட்டு இலைக்குள்ள சாயம் சேர்க்கும். எங்க நிக்கிறோம்னு அதுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு ஒரு செடியைத் தட்டிக் கொடுப்பாள். இப்படியே இருபத்துநாலு வருஷம் ஓடியது.

போன வருஷம்தான் அந்தப் புது விதி வந்தது. ஆற்றங்கரை நடவுக்கு உதவித்தொகை கொடுப்பவர்கள் மேலே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எழுதி அனுப்பினார்கள்: கனூக்கா செடி முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைந்தாலும் கணக்கில் சேராது. எழுதிய புண்ணியவான் ஒரு குளிர்காலம் ரோனாவின் திடலில் நின்று பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். அக்டோபரில் அளக்க வருவோம் என்றார்கள். ஆகஸ்ட் கடைசியில், எங்களுக்குக் குளிர்காலம் முடிகிற சமயத்தில், ரோனா தானே அளவுகோலை எடுத்துக்கொண்டு திடலில் இறங்கினாள். ஆயிரத்து இருநூறு செடி. முப்பதைத் தொட்டவை எண்பது. மற்றதெல்லாம் இருபத்துநாலு, இருபத்தைந்தில் கல் மாதிரி நின்றன.

ஊர் நடவுக் குழுத் தலைவர் முர்டாக்கிடம் போய், "இந்த விதி பைத்தியக்கார விதி, என் செடி குட்டையாத்தான் இருக்கும், அதான் பலம்," என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். முர்டாக் செம்மறி ஆடு வளர்க்கிற மனுஷர். பேசினால் கேட்டுக்கொள்வார். ஆனால் ரோனாவின் செடி அளவு தவறியது என்று ஒரு பேச்சு வருவதை ரோனாவால் தாங்க முடியவில்லை. அந்த வீறாப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கொட்டகை அலமாரியில் செர்ரித் தோட்டத்துக் காலத்துச் சிநேகிதர் கொடுத்த ஜிப்ரெலின் பொட்டலம் ஒன்று பாதி மிச்சம் இருந்தது. பழம் பெரிசாகவும் கெட்டியாகவும் வர அங்கே அடிப்பார்கள். செடி எந்த ஹார்மோனைக் குறைத்துக்கொண்டு குட்டையாக நின்றதோ அதேதான் அது. வெயில் வேண்டாம் என்று சொன்னதை இவள் தெளிப்பானில் கரைத்து ஊட்டினாள். ஆயிரத்து நூற்றிருபது செடியையும் தூக்கிக் கூடாரத்துக்குள் கொண்டுபோய், இரண்டு தடவை அடித்தாள். எண்பதை மட்டும் திடலிலேயே விட்டாள்.

அப்பப்பா, என்ன வளர்த்தி! மூன்று வாரத்துக்குள் எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு முப்பத்துமூன்று, முப்பத்தைந்து என்று நின்றன. புதுத் தளிர் இளம்பச்சையில் பளபளத்தது. அளக்க வந்த பெண், "இவ்வளவு அழகான நாற்று நான் பார்த்ததே இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனாள். அளந்து முடியும்வரை ரோனா அவற்றைக் கூடாரத்தை விட்டு எடுக்கவில்லை. மறுபடி வெளியே வைத்துப் பழக்கக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும். நடவுக்கு நாலு நாள்தான் இருந்தது. மழை கிழை வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று ரோனா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நடவு நாளில் வானம் கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

நடுகிற கூட்டம் மெரியானாவுடையது. மெரியானா போட்டிகி, ரோனாவுக்குப் பதினைந்து வருஷச் சிநேகிதி. குரல் மலையைத் தாண்டும். கீழே ஐந்து ஆட்கள், அதில் ஒருத்தன் அவளுடைய தம்பி ஹேனரே. முப்பத்தொரு வயசு, சொல்லுக்கு மறுசொல் பேசாதவன், கொஞ்சம் மறதிக்காரன். பண்ணையிலிருந்து செடித் தட்டுகளைப் பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது அவன் பொறுப்பு. வேர் காற்றில் காய்ந்தால் கனூக்கா போச்சு, அதனால் தட்டுகள் மேல் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும்.

"ஏய், சாக்கை நனைச்சியா? இல்ல உன் மூளை மாதிரி காயப் போட்டுட்டியா?" என்று மெரியானா தூரத்திலிருந்தே கத்தினாள்.

"நனைச்சாச்சு அக்கா. வேணும்னா வந்து பிழிஞ்சு பாரு," என்றான் ஹேனரே.

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ரோனா சாக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. அவள் சீஸ் ரோல் ஒரு பெரிய டப்பா நிறைய சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஹேனரே ஆறு தின்றான்.

"ஆண்ட்டி, உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்," என்றான். "எங்க அக்கா சுட்டா அதை வெச்சுக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மதியத்துக்குள் ஆயிரத்து இருநூறும் மண்ணில் இறங்கிவிட்டது. திடலில் நின்ற எண்பது கடைசியாக, பாலத்துக்குப் பக்கத்தில்.

நாலாம் நாள் இலை வெளுத்தது. ஆறாம் நாள் பழுப்பேறிச் சுருண்டது. பத்தாம் நாள் கரை நெடுக ஆயிரத்துச் சொச்சம் செடி தலை தொங்கி நின்றது. இரண்டு வருஷம் பணம் திரட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் தேவாலயத்துப் பெண்கள் வரை கேக் விற்று நட்ட கரை. ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

முர்டாக் எல்லாரையும் கரைக்குக் கூப்பிட்டார். ஒரு செடியைப் பிடுங்கி ரோனா கையில் கொடுத்தார்.

"உனக்குத்தான் தெரியும், ரோனா. இது என்ன? வேர் காய்ஞ்சு போச்சா?"

ரோனா செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சாயம் இல்லாத இலையை எங்கள் வெயில் பத்தே நாளில் பொசுக்கிவிட்டது என்று கரைக்கு வந்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதிரே மெரியானா நின்றாள். அவளுக்குப் பின்னால் ஹேனரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தால் இருபத்துநாலு வருஷப் பெயர் போய்விடும்.

"காய்ஞ்ச மாதிரிதான் இருக்கு," என்றாள்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. செடி காய்ந்துதான் இருந்தது. அந்த ஓட்டையில்தான் புகுந்துகொண்டாள், பாவி.

அவ்வளவு போதுமே. எல்லார் கண்ணும் ஹேனரே பக்கம் திரும்பியது. வழியில் எரிபொருள் போட நின்றான், யாரோடோ பேசிக்கொண்டிருந்தான், சாக்கு விலகியிருந்ததைப் பார்த்தேன் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவனும் மறதிக்காரன்தானே, பழி பொருந்திப்போனது. அந்த ஆள் இருக்கிற வரை உன் கூட்டத்துக்கு வேலை தர முடியாது என்று குழு மெரியானாவிடம் சொல்லிவிட்டது. மீதி நாலு பேர் பிழைப்பு அவள் கையில் இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவள் தம்பியை நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"ஒரு வேலை. ஒரே ஒரு வேலை. அதைக்கூட ஒழுங்கா செய்ய உனக்குத் துப்பில்ல. போ, என் கண்ணுல முழிக்காதே."

ஹேனரே தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தான். அடுத்த வாரம் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு, கல்கூர்லி சுரங்கத்துக்குப் போய்விட்டான். விமான நிலையத்துக்கு அக்கா வரவில்லை. அவனைக் கொண்டுபோய் விட்டது யார் என்கிறீர்கள்? ரோனா. இரண்டரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினாள். சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டினாள். இறங்கும்போது அவன் அவளைக் கட்டிக்கொண்டு, "அக்காவைப் பார்த்துக்குங்க ஆண்ட்டி," என்றான். திரும்பும் வழியில் அதே ஊர்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தாள்.

அதற்கப்புறமும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. மெரியானா வீட்டில் போய் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மெரியானா அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நான் அவனைத் திட்டியிருக்கக் கூடாது ரோனா. தப்பு செஞ்சான்தான், ஆனா என் தம்பில்ல. அம்மா சாகும்போது என் கையில பிடிச்சுக் கொடுத்தா."

"நீ என்ன பண்ணுவே, உன் நிலைமை அப்படி," என்று ரோனா சொன்னாள். அந்த வார்த்தை வெளியே வந்ததும் தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு. கூடாரத்துப் பக்கமே போகவில்லை. தான் ஒரு திருட்டு நாய் என்று தன்னைத் தானே சத்தமாகத் திட்டிக்கொண்டு திடலில் நடந்தாள்.

தப்பித்துக்கொள்ள ஒரு சந்தேகத்தை மட்டும் கையில் வைத்திருந்தாள். ஒருவேளை நிஜமாகவே சாக்கு வழியில் விலகியிருந்தால்? ஒருவேளை வேர்தானோ? அதைப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் காலையில் பாலத்தடிக்குப் போனாள். அந்த எண்பதும் நின்றன. குட்டையாக, செம்பு நிறத்தில், நுனியில் புதுத் துளிர் விட்டு, ஒன்று பாக்கி இல்லாமல் எண்பது. அதே வண்டி, அதே சாக்கு, அதே வெயில். ஊரார் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள், பாலத்தடியில் ஈரம் என்று. ஈரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ரோனா அங்கேயே சரளைக்கல்லில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதாள். பிறகு எழுந்து, செத்ததில் இரண்டும் பிழைத்ததில் ஒன்றும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் ஊர் மண்டபத்தில் குழு கூடியது. பத்துப் பதினைந்து பேர். பின் வரிசையில் மெரியானா. ரோனா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மருந்தடித்தது, கூடாரத்துக்குள் வைத்தது, வெளியே பழக்காமல் அனுப்பியது.

முர்டாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரோனா, உன் மனசு எங்களுக்குத் தெரியாதா? மெரியானா படுற பாட்டைப் பார்த்துட்டு நீ பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கிறே. வேண்டாம்மா. உட்காரு."

யாரோ ஒருத்தி, "எவ்வளவு நல்ல சிநேகிதி," என்று முணுமுணுத்தாள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உட்கார்ந்திருக்கலாம். நல்லவள் என்ற பட்டமும் கிடைத்து, சொல்லியும் ஆகிவிட்டது என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். நிஜத்தைச் சொல்ல வேண்டும், ஒரு கணம் அவள் நாற்காலியைப் பிடித்து உட்காரத்தான் போனாள். அப்புறம் பையைத் திறந்து செடிகளை எடுத்து முர்டாக்குக்கு முன்னால் மேசையில் போட்டாள்.

"பாருங்க முர்டாக். இது பாலத்தடிச் செடி. அடியிலேர்ந்து நுனி வரைக்கும் இலைக்கு இலை எவ்வளவு நெருக்கம்? இப்ப செத்ததைப் பாருங்க. அடி இருபத்துநாலு சென்டிமீட்டர் அதே நெருக்கம், அதே தடிச்ச தண்டு. அதுக்கு மேல? ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவுல கட்டைவிரல் இடம். தண்டு நூலாட்டம் இருக்கு. எந்தக் கனூக்காவும் நம்ம வெயில்ல தானா இப்படி வளராது. இந்த ஒன்பது சென்டிமீட்டர் நான் இழுத்தது."

முர்டாக் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். விரலை வைத்து இடைவெளியை அளந்தார். ஆட்டுக் கம்பளி பார்த்துப் பழகிய கண், ஏமாற்ற முடியாது. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். செடி கை மாறிக் கை மாறிப் போனது.

"அன்னைக்குக் கரையில நான் கேட்டேனே," என்றார் முர்டாக் கடைசியில்.

"காய்ஞ்ச மாதிரிதான் இருக்குன்னு சொன்னேன்."

"ஆமா. அப்படித்தான் சொன்னே."

பின்னால் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. மெரியானா வெளியே போய்விட்டாள். ரோனா பின்னாலேயே ஓடினாள். மெரியானா தன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மலையைத் தாண்டுகிற அந்தக் குரல் எழும்பவே இல்லை.

"சாக்கு நனைஞ்சிருந்துதா?"

"நனைஞ்சிருந்துது. நான் தொட்டுப் பார்த்தேன்."

"என் வீட்டுல உட்கார்ந்து எத்தனை நாள் டீ குடிச்சே?"

ரோனா கிட்டே வரப் போனாள், மெரியானா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ செடியைக் கொன்னது எனக்குப் பெரிசில்ல ரோனா. செடி திரும்பப் போடலாம். என் வாயாலயே என் தம்பியைத் துரத்த வெச்சியே. நான் திட்டினப்ப நீ எங்க நின்னே தெரியுமா? எனக்குப் பக்கத்துல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு."

"மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்ல."

"என்கிட்ட எதுக்குக் கேட்கிறே?" மெரியானா போனை எடுத்து எண்ணை அழுத்தி நீட்டினாள். "அவன்கிட்ட சொல்லு. இங்கேயே, என் எதிர்ல. ஒரு வார்த்தை விடாம."

அங்கே காலை பத்து மணி இருக்கும். மணி ஒரு தடவைதான் அடித்தது. அடித்த உடனே எடுத்துவிட்டான்.

"அக்கா!" அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம்.

"ஹேனரே, நான் ரோனா பேசுறேன்."

"ஆண்ட்டியா? அக்காவுக்கு ஏதாவது..."

"அவ நல்லா இருக்கா. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இருங்க, முதல்ல நான் சொல்லிடுறேன். நானே கூப்பிடணும்னு இருந்தேன், தைரியம் வரல. இங்க வந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன் ஆண்ட்டி. பெட்ரோல் போட நின்னேன்ல, அங்க காத்து அடிச்சுது. அப்பதான் சாக்கு விலகியிருக்கணும். நான் திரும்பிப் பார்க்கல. இப்ப எனக்கு நல்லா ஞாபகம் வருது. அக்கா சொன்னது சரிதான். உங்க செடி அத்தனையும் நான்தான் கொன்னேன். நீங்க என்னை ஏர்போர்ட் வரைக்கும் கொண்டு விட்டீங்க, ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

மெரியானாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடக்காத ஒன்றை ஞாபகம் வைத்திருக்கிறானே, இதையும் நான்தானே அவனுக்குள் போட்டேன் என்று ரோனாவுக்கு உறைத்தது. சொன்னாள். பொட்டலம், கூடாரம், ஒன்பது சென்டிமீட்டர், கரையில் தான் சொன்ன அந்த மூன்று வார்த்தை, விமான நிலையப் பயணத்தில் சொல்லாமல் தாண்டிய ஊர்கள், ஒன்றையும் விடவில்லை. கோபப்படட்டும், கெட்ட வார்த்தையில் திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நான் வீட்டுக்கு வரலாமா? அக்கா பக்கத்துல இருந்தா கேட்டுச் சொல்லுங்களேன்."

ரோனா மெரியானாவைப் பார்த்தாள். மெரியானா வண்டிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள், சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் லைனில் காத்திருந்தான். வேறு வழியில்லாமல், அந்த வார்த்தையைச் சொல்ல ஊரிலேயே தகுதியில்லாதவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"வரச் சொல்றா," என்றாள் ரோனா.